கலியாணத்துக்குப் பிறகு வேலை: வர்த்தமானிக்காகக் காத்திருப்பதா, கிடைக்கிற வேலையில் ஏறுவதா?

வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டு விளக்கு மட்டும் நேரம் கழித்தே அணையும். கீழ் வீட்டுத் தங்கச்சி, இரண்டு வயதுப் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு, அரச வேலை அறிவித்தல்கள் வரும் அந்தக் கிழமை அரசாங்க வர்த்தமானியைக் கைத்தொலைபேசியில் திறந்து வைத்திருப்பா. போன மாதம் ஒரு நாள் தொலைபேசியையும் கொண்டு மேலே ஏறி வந்தா.

“அக்கா, இதில விண்ணப்ப முடிவுத் திகதியன்று முப்பது வயதுக்கு மேற்படாதவராக இருக்கவேணும் எண்டு போட்டிருக்கு. எனக்கு வாற மாசியோட முப்பது முடியுது. இதைத் தவறவிட்டா இனி இல்லையோ?”

அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு நானும் அலைந்தேன். முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் பரீட்சைக்கான அறிவித்தல் வந்தபோது நான் முப்பதைக் கடந்து நாலு மாதம். பிள்ளைக்குப் பால் மறக்கடித்துவிட்டுப் படிக்கலாம் என்று நினைத்திருந்தேன், அதற்குள் வயது ஓடிவிட்டது. அதனால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை என்று கொழும்பில் இருந்துகொண்டு திரும்ப வேலைக்குப் போக யோசிக்கும் பெண்களுக்கு முன்னால் உள்ள வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன். “அரசாங்க உத்தியோகமா, தனியாரா” என்று கேட்டால் விடை வராது. எந்த வாசல் எந்த வயதில் பூட்டப்படுகிறது, பூட்டாத வாசல் எது என்று பார்த்தால்தான் விடை வரும்.

அயர்லாந்தில் 1973 வரை அரச ஊழியத்தில் இருந்த பெண் கலியாணம் செய்தால் வேலையை விட்டே ஆகவேண்டும் என்று விதியிருந்தது. இன்று எங்கள் நாட்டில் எழுதுவினைஞர் பதவிக்கோ நிர்வாக சேவைக்கோ அப்படி எழுதப்பட்ட தடை இல்லை. ஆனால் பொலிஸ் சேவைக்கும் முப்படைக்கும் ஆள் எடுக்கும் அறிவித்தல்களில் “திருமணமாகாதவராக இருத்தல் வேண்டும்” என்ற வரியைப் பார்க்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் அரச பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களும் “சிவில் நிலை” என்ற பந்தியைத்தான் முதலில் வாசிக்கவேண்டும். அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்லிப் பாரபட்சம் கூடாது என்கிறது. விவாக நிலை அந்தப் பட்டியலில் இல்லை. அதே உறுப்புரையின் நாலாம் பந்தியோ, பெண்களின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்ய இடம் கொடுக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வயதெல்லையில் இரண்டு மூன்று வருடச் சலுகை கொடுக்க அந்த ஒரு பந்தியே போதும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் சலுகை வரும்வரை, இருக்கிற எல்லைகளுக்குள் நின்றுதான் கணக்குப் போடவேண்டும்.

முதலில் வர்த்தமானி வழி. நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கும் முகாமைத்துவ சேவைக்கும் முப்பதோடு கதவு மூடுகிறது. கிராம உத்தியோகத்தர் பதவிக்கு 35. அலுவலக உதவியாளர் போன்ற ஆரம்ப நிலைப் பதவிகள் பலவற்றுக்கு 45 வரை விண்ணப்பிக்கலாம். எங்கள் பெண்கள் கவனிக்காமல் விடும் வரி இன்னொன்று உண்டு: ஏற்கனவே அரச சேவையில் நிரந்தர நியமனத்தோடு இருப்பவர்களுக்கு மேல் வயதெல்லை பொருந்தாது என்று பல அறிவித்தல்களில் போட்டிருப்பார்கள். சிறிய பதவி என்று ஒதுக்காமல் உள்ளே போனவள் பிறகு மேலே எழுதிப் போகலாம், வெளியில் நின்று நல்ல பதவிக்குக் காத்திருந்தவள் வயது கடந்து நிற்பாள்.

வயதுக்கு அடுத்தது வதிவிடம். புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணை இது வயதைவிட மோசமாக மாட்டிவிடும். மாகாண சபைப் பதவிகளுக்கு அந்த மாகாணத்தில் தொடர்ந்து சில வருடம் நிரந்தர வதிவு கேட்பது வழமை. கீழ் வீட்டுத் தங்கச்சி பருத்தித்துறையில் பிறந்தவ, கலியாணம் செய்து மூன்று வருடம். வாக்காளர் இடாப்பில் அவவின் பெயர் இப்பவும் தாய் வீட்டில்தான் இருக்கிறது. கொழும்பில் குடியிருப்பது வாடகை வீடு. வாடகைக்காரரின் பெயரை இடாப்பில் போட வீட்டுச் சொந்தக்காரர் விரும்பவில்லை, பிறகு வீட்டை விடமாட்டினம் என்ற பயம். ஆக வட மாகாணத்தில் அவ வசிக்கவில்லை, மேல் மாகாணத்தில் வசிப்பதற்குத் தாளில் சாட்சி இல்லை. இரண்டு மாகாணத்துக்கும் இடையில் ஒரு படித்த பெண் தொங்கிக்கொண்டு நிற்கிறா. கலியாணம் செய்து கொழும்புக்கு வரும் எந்தப் பெண்ணும் விவாகச் சான்றிதழின் பிரதியோடு முதலில் போகவேண்டிய இடம் கிராம உத்தியோகத்தரின் அலுவலகம். வேலைக்குப் போகும் எண்ணம் அன்றைக்கு இல்லாவிட்டாலும் போகவேண்டும்.

நாடளாவிய சேவைகளுக்கு வதிவிடம் இவ்வளவு தடையாக வராது. ஆனால் முதல் நியமனம் எங்கே விழும் என்று சொல்லமுடியாது. இரண்டு வயதுப் பிள்ளையோடு மொனராகலைக்கோ அநுராதபுரத்துக்கோ நியமனம் வந்தால் வீட்டில் என்ன செய்வது என்று விண்ணப்பம் போட முதலே கணவன் மனைவி இருந்து பேசவேண்டும். மாகாண சேவையென்றால் தூரம் போனாலும் கம்பஹா, களுத்துறை மாவட்டங்களோடு நிற்கும். தாய் வீட்டார் பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு என் தெரிவு மாகாண சேவைதான்.

இவ்வளவு சிரமப்பட்டு உள்ளே போனால் கிடைப்பது என்ன? ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக, 2025 தொடங்கி 2027 வரை படிப்படியாக உயர்த்தப்படுகிறது. வாழ்க்கைச் செலவுப் படி 17,800 அதற்கு மேலே. வருடத்துக்கு 45 நாள் லீவு. சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரவிரவாக முழித்திருந்து விடிய வேலைக்குப் போன எவளுக்கும் அந்த 45 இன் பெறுமதி விளங்கும். பிரசவத்துக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள், அதன் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், அதற்கும் பிறகு சம்பளமில்லாமல் 84 நாள் எடுக்க, அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவை இடம் கொடுக்கிறது. ஏற்கனவே அரச வேலையில் இருக்கும் பெண்களுக்கு இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: பிள்ளை பிறந்ததும் இராஜினாமாக் கடிதம் எழுதாதேயுங்கோ. அரைச் சம்பள லீவு, சம்பளமற்ற லீவு எல்லாவற்றையும் எடுத்து முடித்தபிறகு அதைப் பற்றி யோசியுங்கோ. எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் கழித்து அதே கதிரைக்குத் திரும்பி வருவது நடக்காத காரியம்.

மொழியையும் பார்க்கவேண்டும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க சுற்றறிக்கைக்குப் பிறகு சேவையில் சேருபவர்கள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும். எங்களுக்கு அது சிங்களம். பயப்பட ஒன்றுமில்லை. கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுகள் இரண்டும் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். அங்கே தமிழில் கடிதம் எழுதி, சிங்களத்தில் கோவை முடிக்கக்கூடிய ஆளுக்கு எப்போதும் தட்டுப்பாடு. சந்தையில் மரக்கறி வாங்கும் சிங்களம் உள்ளவள் ஒரு வருடம் ஒழுங்காக எழுதப் படித்தால் போதும்.

ஆனால் இந்த வழியில் காலத்தை உங்களால் கணக்குப்போட முடியாது. 2020 இல் பட்டதாரிகளைப் பல்லாயிரக்கணக்கில் பயிலுநர்களாக எடுத்து மாதம் 20,000 ரூபாய் கொடுத்தார்கள். 2022 நெருக்கடியோடு ஆட்சேர்ப்பு நின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 30,000 பேரை எடுக்க நிதி ஒதுக்கப்பட்டது. அலை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு கரையில் நின்றால் இருபத்தெட்டு முப்பத்திரண்டாகிவிடும்.

அடுத்து தனியார் வேலை. இங்கே வயதெல்லை எழுத்தில் இல்லை. ஆனால் நேர்முகத்தில் பெண்ணிடம் மட்டும் சில கேள்விகள் வரும். எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு நான் போன முதல் நேர்முகத்தில், எனக்கு எதிரே இருந்தவர் என் சான்றிதழ்க் கோவையைத் திறக்கவே இல்லை. “இன்னொரு பிள்ளை எடுக்கிற யோசனை இருக்கா?” என்று கேட்டார். தொண்டை அடைத்துப்போய் “இல்லை” என்றேன். இன்றென்றால், “வேலையைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன்” என்று சொல்லியிருப்பேன். அந்த இடத்தில் வேலை கிடைக்கவில்லை. கிடைக்காததைவிட, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதுதான் இன்றைக்கும் மனதில் கிடந்து வலிக்கிறது.

தனியார் துறையில் சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். பிரசவ லீவுச் சட்டங்களில் 2018 இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையென்றாலும் 84 நாள் பிரசவ லீவு. அதற்கு முன் மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருட லீவு 14 நாளும் அமய லீவு 7 நாளும். அரச ஊழியரின் 45 ஓடு வைத்துப் பார்த்தால் பாதிக்கும் குறைவு. தேசியக் குறைந்தபட்ச சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாயும். கணக்கு வேலை தெரிந்தவளுக்கு இதைவிடக் கூடத் தருவார்கள். ஆனால் அதிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், பஸ் காசு, பிள்ளையைப் பார்க்கும் இடத்துக்குக் கொடுக்கும் காசு எல்லாம் கழியும். “மிச்சம் ஒன்றுமில்லையே, வீட்டில இரு” என்று மாமியும் சொல்லுவா, சிலவேளை அம்மாவும் சொல்லுவா. அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பிள்ளை பராமரிப்புச் செலவைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் ஏன் கழிக்கவேண்டும்? பிள்ளை இருவருக்கும்தானே. இருவர் சம்பளத்தையும் கூட்டி வைத்துக் கழித்துப் பாருங்கோ, வேறு விடை வரும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் அந்தச் செலவு குறையும், கையில் இருக்கும் அனுபவம் குறையாது.

சேமலாப நிதியைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கலியாணம் காரணமாக வேலையை விடும் பெண் தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆணுக்கு இந்தக் காரணம் இல்லை. பெண் கலியாணத்தோடு வேலையை விடுவாள் என்று அன்றைக்கே எண்ணிச் செய்த ஏற்பாடு இது. தாலிக்கொடிக்கும் மண்டபத்துக்கும் அந்தக் காசை எடுத்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். கீழ் வீட்டுத் தங்கச்சியும் எடுத்திட்டா. அதோடு அவ யாழ்ப்பாணத்தில் வேலை செய்தது நாலு வருடமும் எட்டு மாதமும். பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சேவை வேணும். கலியாண நாளை நாலு மாதம் தள்ளிவைத்திருந்தால், அல்லது பதிவை முடித்துக்கொண்டு நாலு மாதம் கழித்துக் கொழும்புக்கு வந்திருந்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் ஒரு தொகை வந்திருக்கும். பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனம் அது. யாரும் அவவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாள் பார்க்கும்போது நட்சத்திரப் பொருத்தத்தோடு சேவைக் காலத்தையும் பார்க்கலாம்.

அரச சேவைக்கும் தனியாருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றித்தான் எங்கள் ஆட்கள் ஆகக் குறைவாகப் பேசுகிறார்கள்: அரச கூட்டுத்தாபனங்கள், அதிகார சபைகள், நியதிச் சட்டச் சபைகள். இவற்றின் விளம்பரங்கள் வர்த்தமானியில் மட்டும் தேடினால் அகப்படாது, ஞாயிறு பத்திரிகைகளிலும் அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும் வரும். வயதெல்லை 35 என்றும் பல பதவிகளுக்கு 45 என்றும் போட்டிருப்பார்கள். ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும். தனியாரில் பெற்ற அனுபவத்தை இங்கே தகைமையாகக் கேட்பார்கள். முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு, நாலைந்து வருட அலுவலக அனுபவம் இருந்தால், நான் முதலில் காட்டும் வாசல் இதுதான். கஷ்டம் என்னவென்றால் நல்ல விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகையில் வராமலே போவதுண்டு. சிங்கள, ஆங்கில ஞாயிறு இதழ்களின் வேலைப் பக்கத்தை யாராவது ஒருவர் படமெடுத்து மாடியில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் அனுப்பினால் ஒரு வீட்டுக்காவது விடியும்.

பயிற்சி எடுத்துத் திரும்புவது வேறொரு வழி. பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், வேலை தேடுவோரைப் பதிந்து பயிற்சிகளுக்கு அனுப்புவது அவரின் கடமை. தொழிற்பயிற்சி அதிகார சபையும், நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கான பாடநெறிகள் நடத்துகின்றன. பாடநெறிக்குப் போக நேரமில்லாதவளுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது: பத்து வருடம் வீட்டில் தைத்தவள், கேக் அடித்தவள் தன் வேலையைச் செய்து காட்டி மதிப்பீட்டில் தேறினால் அதே சான்றிதழ் கிடைக்கும். இதை நான் பெரிதாக மதிக்கிறேன், வீட்டில் செய்த வேலையையும் வேலை என்று அரசு ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஆனால் உயர்தரம் படித்து, கணக்கு வேலை பார்த்த பெண்ணை “பெண்களுக்கு ஏற்றது” என்று சொல்லி அழகுக்கலைக்கும் தையலுக்கும் அனுப்பிவிடும் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். அவளுக்கு வேண்டியது கணினிக் கணக்கியலில் மூன்று மாத மீள்பயிற்சி. அதைக் கேட்டு வாங்கவேண்டும், கொடுப்பதை வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

வீட்டிலிருந்து சொந்தத் தொழில் செய்வதைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்லுவேன். வியாபாரப் பெயரைப் பதிவது, சாப்பாடென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போவது, தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டல் எல்லாம் இருக்கிறது. ஆனால் வருமானம் இல்லாத வீட்டில் கிழமைக் கடன் எடுத்துத் தொடங்காதேயுங்கோ. ஒரு சம்பளம் வீட்டுக்குள் நிலையாக வரத் தொடங்கிய பிறகு செய்யும் வேலை இது.

இனி நான் எடுக்கும் முடிவு. முப்பதுக்கு இன்னும் ஒரு வருடமாவது இருந்தால் போட்டிப் பரீட்சைக்கு முழு மூச்சாகப் படிக்கலாம், பகுதிநேர வேலை ஒன்றையும் சேர்த்துக்கொண்டு. ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுத் தனியார் வேலையில் ஏறவேண்டும், பரீட்சை முடிவு வரும்வரை வீட்டில் இருக்கக்கூடாது. முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் நிற்பவள் தனியாரில் இரண்டு வருட அனுபவத்தைப் புதிதாக்கிக்கொண்டு சபைகளையும் அதிகார சபைகளையும் குறிவைப்பது புத்தி. ஓய்வூதியத்துக்காக மட்டும் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்தது பத்து வருடச் சேவை இருந்தால்தான் ஓய்வூதியம், நியமனக் கடிதத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசித்துத்தான் கையெழுத்து வைக்கவேண்டும். காத்திருந்த வருடங்களுக்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை.

தங்கச்சிக்கு இதையெல்லாம் ஒரு இரவில் சொல்லிமுடியவில்லை. முடிவுத் திகதி தையில், அவவுக்கு முப்பது மாசியில். விண்ணப்பம் போடலாம் என்றதும் முகம் மலர்ந்தது. அடுத்த வியாழன் அவவின் கணவர் அரை நாள் லீவு எடுத்துப் பிள்ளையோடு நின்றார். நாங்கள் இருவரும் விவாகச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், அவரின் பெயரில் வந்த மின்சாரப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோவைக்குள் வைத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போனோம். வீட்டுச் சொந்தக்காரரோடு தானே பேசுவதாகக் கிராம உத்தியோகத்தர் சொன்னார். திரும்பி வரும் வழியில் காலி வீதிப் புத்தகக் கடையில் போட்டிப் பரீட்சைக்கான உளச்சார்புப் பயிற்சிப் புத்தகம் ஒன்று தங்கச்சி வாங்கினா. திங்கட்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நேர்முகம் இருக்கிறது. என்ன சேலை உடுப்பது என்று கேட்டா. அதைவிட்டு, பிள்ளை பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவாய் என்று கேட்டேன். படிக்கட்டில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தா.

“வேலையைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன் எண்டு சொல்லுவன் அக்கா.”